வலப்பக்கம் ஓடும் கோல்ஃப் பந்தை நேராக்குவது எப்படி

கோல்ஃப் பந்து வலப்பக்கமாக வளைந்து ஓடுகிறது என்று என்னிடம் வருகிறவர்கள், ஏறக்குறைய எல்லாருமே, ஒரே வைத்தியத்தைத் தாங்களாகவே செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் திரும்பி நின்று அடித்திருப்பார்கள். அடுத்த பந்து முன்னைவிட அதிகமாக வளைந்திருக்கும். இன்னும் கொஞ்சம் திரும்பியிருப்பார்கள். இலக்கை நெஞ்சால் பார்க்கும் அளவுக்குத் திரும்பி நின்ற பிறகும் பந்து வலப்பக்க வேலியைத் தாண்டிப் போயிருக்கும். திரும்பி நிற்பது ஏன் வளைவைக் கூட்டுகிறது என்பது புரிந்துவிட்டால் திருத்தம் பாதி முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்கு ஒரு பழைய மீன்வலை, கொஞ்சம் முகப்பவுடர், ஈரமணல், பொறுமை ஆகியவை போதும்.

நான் வளைகுடாவில் எண்ணெய் நிறுவனக் குடியிருப்பு ஒன்றை ஒட்டிய மணல் கோல்ஃப் மைதானத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். பந்து பொறுக்கும் வேலையில் தொடங்கி, ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் ‘கேடி’யாகி (caddie), பிறகு பயிற்சியாளருக்கு உதவியாளாக இருந்தேன். அங்கே புல் கிடையாது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் செயற்கைப் புல் விரிப்புத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவார். பந்தை அதன்மேல் வைத்து அடிப்பார். குழி இருக்கும் இடத்தில் எண்ணெய் கலந்த மணலை இறுக்கிச் சமன்செய்து வைத்திருப்பார்கள். அதற்கு ‘பிரவுன்’ என்று பெயர். மணலில் இந்த ஆட்டத்தைக் கற்க முடியும் என்பதை அங்கேதான் கண்டேன். இப்போது ராமநாதபுரம் மாவட்டக் கரையில், பெரியபட்டினத்துக்கும் சேதுக்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், விரும்பி வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். துபாயிலும் கத்தாரிலும் ஆடப் பழகி விடுமுறைக்கு வருகிறவர்கள், சென்னையில் கணினி வேலை பார்க்கும் என் தங்கை மகன், அவனோடு வேடிக்கை பார்க்க வந்து இன்று அவனைவிட நன்றாக அடிக்கும் ஒரு மீனவர் வீட்டுப் பையன் என்று சிலர் இருக்கிறார்கள். பொதுமக்கள் ஆடும் மைதானம் எங்கள் பக்கத்தில் இல்லை. 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கிளப்புக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். ஸ்விங்கை, அதாவது மட்டையைச் சுழற்றும் விதத்தை, திருத்த மைதானம் தேவையில்லை என்பதால் இது ஒரு குறையே அல்ல.

இனி வருவதெல்லாம் வலக்கைக்காரர்களுக்காக எழுதியது. இடக்கைக்காரர்கள் வலத்தையும் இடத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பந்துக்குத் தெரிந்த இரண்டே செய்திகள்

மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய 2000-இல் ஒரு பங்கு. நீங்கள் எப்படி நின்றீர்கள், தலை அசைந்ததா, முழங்கை மடங்கியதா என்பதெல்லாம் பந்துக்குத் தெரியாது. பக்கவாட்டில் போவதைப் பொறுத்தவரை அதற்குப் போய்ச் சேருகிற செய்திகள் இரண்டு: மட்டையின் முகம் (பந்தில் படும் பரப்பு) எந்தப் பக்கம் பார்த்தது, மட்டை எந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முகம்தான் முடிவு செய்கிறது. மெல்லிய உலோகத் தலையுள்ள அயர்ன் மட்டையில் அதன் பங்கு ஏறக்குறைய 75 விழுக்காடு. வெகுதூரம் அடிக்கும் நீண்ட மட்டையான டிரைவரில் ஏறக்குறைய 85. மட்டை செல்லும் பாதைதான் கிளம்பும் திசையை முடிவு செய்கிறது என்று பழைய பயிற்சியாளர்கள் பலர் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். பந்தையும் மட்டையையும் பின்தொடரும் ரேடார் கருவிகள் வந்த பிறகு அந்தப் பாடம் மாறிவிட்டது. கிளம்பிய பந்து பிறகு எந்தப் பக்கம் வளையும் என்பது, முகம் பார்த்த திசைக்கும் மட்டை சென்ற பாதைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்தது. பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். அது ஸ்லைஸ். பாதையைவிட முகம் இடப்பக்கம் மூடியிருந்தால் இடப்பக்கம் வளையும். அது ஹூக். இரண்டும் ஒரே திசையைப் பார்த்தால் வளைவே இராது. வலப்பக்கம் நேராகப் போனால் புஷ், இடப்பக்கம் நேராகப் போனால் ‘புல்’ (pull).

இப்போது முதல் பத்தியில் சொன்ன ஆளைப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பி நின்றதால் அவருடைய மட்டையின் பாதையும் இடப்பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் பந்து இலக்குக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் கையில் இருக்கிறது. ஆகவே முகத்தை அவர் இலக்கைப் பார்த்தே விட்டுவிடுகிறார். முகத்துக்கும் பாதைக்கும் இடைவெளி கூடுகிறது. வளைவும் கூடுகிறது.

ஆகவே அடித்தவுடன் ‘எங்கே விழுந்தது’ என்று கேட்காதீர்கள். எங்கே கிளம்பியது, பிறகு எங்கே திரும்பியது என்று இரண்டு கேள்விகளாகக் கேளுங்கள். பந்து விழுந்த இடத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தப்பு புஷ்ஷா ஸ்லைஸா என்றே தெரியாது. இரண்டுக்கும் மருந்து வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். குட்டை மட்டையான வெட்ஜில் அடித்தால் பந்து இடப்பக்கம் நேராகப் போகிறது, டிரைவரில் அடித்தால் வலப்பக்கம் வளைகிறது, எனக்கு இரண்டு தவறுகள் இருக்கின்றன என்று சிலர் கவலைப்படுவார்கள். பெரும்பாலும் தவறு ஒன்றுதான். மட்டை, பந்துக்கு அப்பாலிருந்து ஆட்டக்காரரின் பக்கமாக, அதாவது வெளியிலிருந்து உள்ளே, வெட்டிக்கொண்டு வருகிறது. முகத்தின் சாய்வு அதிகமான வெட்ஜில் பந்து பின்னோக்கி வேகமாகச் சுழல்வதால் பக்கவாட்டு வளைவு தெரிவதில்லை. கிளம்பிய திசை மட்டும் தெரிகிறது. சாய்வு குறைந்த டிரைவரில் வளைவு முழுதாக வெளியே வருகிறது.

காற்றை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்

எங்கள் கரையில் காற்று இல்லாத நாள் குறைவு. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று, ஐப்பசிக்குப் பின் வாடை. குறுக்குக் காற்றில் அடித்துவிட்டு ஸ்விங்கைத் திருத்தப் போனால், இல்லாத தவறைத் திருத்தி உள்ளதைக் கெடுத்துக்கொள்வீர்கள். விடிந்தவுடன், காற்று எழும்புவதற்கு முன் அடியுங்கள். முடியாவிட்டால் காற்று நேர் முகத்திலோ நேர் முதுகிலோ படும்படி நில்லுங்கள். ஒரு குச்சியில் நூலைக் கட்டி நட்டுவைத்தால் திசை பிசகாது. எதிர்க்காற்று வளைவைப் பெரிதாக்கிக் காட்டும், பின்காற்று மறைக்கும். தவறைக் கண்டுபிடிக்க வேண்டிய நாளில் எதிர்க்காற்றே நல்லது.

வலை கட்டும் இடம்

கடலை நோக்கி அடிக்கவே கூடாது. என்னிடம் வருகிறவர்களிடம் நான் கறாராக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். எங்கள் எதிரே இருப்பது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 21 தீவுகள், 1986-இல் அறிவிக்கப்பட்டது. கடற்புல்லும் பவளப்பாறையும் உள்ள கடல். கலிபோர்னியாவில் கரையோரக் கோல்ஃப் மைதானங்களை ஒட்டிய கடலடியிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட பந்துகளை எடுத்திருக்கிறார்கள். மூழ்கிய பந்து அலையில் உரசித் தேய்ந்து, நெகிழித் துகளாகக் கடலில் கலக்கிறது. நம் கடலில் அது நடக்க நாம் காரணமாக இருக்க வேண்டாம். கரையில் வலை உணக்குகிறவர்கள் இருப்பார்கள், பாசி எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் இருப்பார்கள், ஆடுகள் மேயும். 46 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால் வலை கட்டுங்கள். கழித்துப்போட்ட நைலான் வலை எங்கள் ஊர்களில் எளிதில் கிடைக்கும். கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர், வலைக்கண் அதைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும். வெயிலிலும் உப்பிலும் இற்றுப்போன நூல் பந்தின் வேகத்தைத் தாங்காது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, அறாத வலையை மட்டும் எடுங்கள். இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, விறைப்பாக இல்லாமல் தொய்வாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு அடுக்கு தொங்கவிடுங்கள். விறைப்பாகக் கட்டினால் பந்து உங்கள் மீதே திரும்பி வரும். வலைக்குப் பின்னால் மணல்மேடோ சுவரோ இருக்கட்டும். ஆள் நடக்கும் பாதை இருக்கக் கூடாது.

வலை கட்டினால் வளைவைப் பார்க்க முடியாதே என்று என் தங்கை மகன் கேட்டான். “மாமா, பந்து மூன்று மீட்டரில் நின்றுவிடுகிறது. அது எங்கே வளையும் என்று எனக்கு எப்படித் தெரியும்?”

“வளைவைப் பார்க்க வேண்டாம், மாப்பிள்ளை. வளைவுக்குக் காரணமான இரண்டையும் பார்ப்போம்” என்றேன்.

செய்முறை இதுதான். வலையில் உங்கள் இலக்குக்கு நேராக ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். நிற்கும் இடத்திலிருந்து அந்தத் துணியை நோக்கி மணலில் ஒரு நேர்க்கோடு கிழியுங்கள். பந்து வலையில் படும் இடம், முகம் எங்கே பார்த்தது என்பதைச் சொல்லும். மூன்று மீட்டர் தூரத்தில் பந்து துணியிலிருந்து 26 சென்டிமீட்டர் விலகினால், 5 பாகை விலகிக் கிளம்பியிருக்கிறது என்று பொருள். 150 மீட்டர் போகிற அடியில் அந்த 5 பாகை, வளைவு எதுவும் சேராமலே, 13 மீட்டர் விலகலாகும்.

பாதையை மணல் சொல்லும். நீர் வற்றியபின் கெட்டிப்பட்டிருக்கும் ஈரமணலில் ஏழாம் எண் அயர்னால் அடித்தால், பந்து இருந்த இடத்துக்குச் சற்று முன்னால் மணல் சீவிக்கொண்டு போன தடம் விழும். மேட்டில் வலை கட்டியிருந்தால் ஒரு கூடை மணலை நனைத்து, காலால் மிதித்து இறுக்கினால் போதும். தடத்தையும் நீங்கள் கிழித்த கோட்டையும் ஒப்பிடுங்கள். தடம் கோட்டுக்கு இடப்பக்கம் நன்றாகத் திரும்பியிருந்தால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வருகிறது. வலப்பக்கம் திரும்பியிருந்தால் உள்ளிருந்து வெளியே போகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு: மட்டை கீழ்நோக்கி வரும்போதே பந்தை அடிக்கிறது, தடம் அதற்குப் பிறகு விழுகிறது. வட்டமாகச் சுழலும் மட்டை அதற்குள் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியிருக்கும். ஆகவே தடம் மிகச் சிறிதளவு இடப்பக்கம் சாய்ந்திருப்பதைத் தவறென்று எண்ண வேண்டாம்.

வலையில் பட்ட இடம், மணல் தடம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பந்து துணியின் மீதே பட்டது, தடமோ இடப்பக்கம் போகிறது என்றால் வெளியே அது ஸ்லைஸாக வளைந்திருக்கும். பந்து துணிக்கு இடப்பக்கம் பட்டு, தடமும் அதே அளவு இடப்பக்கம் போனால் அது வளையாத புல். வளைவைப் பார்க்காமலே வளைவைச் சொல்லிவிடலாம்.

மூன்றாவதாக ஒன்று. முகப்பவுடரை ஈரத்துணியில் தொட்டு மட்டையின் முகத்தில் மெல்லியதாகப் பூசி, உலரவிட்டு அடியுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். டிரைவரில் இது மிகவும் முக்கியம். அதன் தலையின் எடைமையம் முகத்துக்கு வெகுவாகப் பின்னால் இருப்பதால், தண்டுக்குப் பக்கமான குதிப்பகுதியில் பட்டால் பந்து வலப்பக்கம் வளையும் சுழற்சியையும், நுனிப்பகுதியில் பட்டால் இடப்பக்கம் வளையும் சுழற்சியையும் பெறுகிறது. முகமும் பாதையும் சரியாகவே இருந்தாலும் இது நடக்கும். ஸ்விங்கையே மாற்றப் புறப்படும் முன் பவுடரைப் பாருங்கள். குதியில்தான் படுகிறது என்றால் பந்திலிருந்து அரை விரற்கடை தள்ளி நிற்பதே சிலருக்குப் போதுமானதாகிவிடும்.

பிடி

ஸ்லைஸ் அடிக்கிறவரின் பிடியை நான் முதலில் பார்ப்பேன். பாதையைப் பிறகுதான் பார்ப்பேன். முகத்தை ஆள்வது பிடி.

இடக்கையால் மட்டையைப் பிடிக்கும்போது தண்டு உள்ளங்கையின் நடுவே ஓடக் கூடாது. சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை விரல்களின் குறுக்கே ஓட வேண்டும். பிறகு கையை மூடி, மேலிருந்து கீழே பாருங்கள். புறங்கையில் இரண்டு முட்டிகள் தெளிவாகவும் மூன்றாவது அரைகுறையாகவும் தெரிந்தால் சரி. ஒன்றே ஒன்று தெரிந்தால் கை இடப்பக்கம் சுழன்று கிடக்கிறது. அந்தக் கையோடு எவ்வளவு அழகாகச் சுழற்றினாலும் பந்தைத் தொடும்போது முகம் திறந்தே இருக்கும். நான்கும் தெரிந்தால் எதிர்ப்பக்கம் அதிகமாகப் போய்விட்டீர்கள், ஹூக் வரும். வலக்கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் உண்டாகும் கோடு வலத்தோளை நோக்கி இருக்கட்டும். தாடையை நோக்கி இருந்தால் அதுவும் ஸ்லைஸ் பிடி.

புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பிடியை அமைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பென் ஹோகன் இளமையில் ஹூக்கால் மிகவும் அவதிப்பட்டவர். முகம் மூடிக்கொள்வதைத் தடுக்கத் தன் பிடியை இடப்பக்கமாகச் சுழற்றிக்கொண்டார். ஹூக்கைத் தடுக்க அவர் எடுத்த மருந்தை ஸ்லைஸ் அடிக்கிறவர் எடுத்தால் பந்து இன்னும் வலப்பக்கம் ஓடும். யாருடைய அறிவுரையாக இருந்தாலும், அவர் எந்தத் தவறிலிருந்து தப்பிக்க அதைச் சொன்னார் என்று கேளுங்கள்.

எங்கள் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று, வியர்வை. கடற்காற்றின் ஈரத்தில் பிடி ரப்பர் வழுக்கும். வழுக்குகிறது என்று மட்டையை இறுக்கிப் பிடிப்பீர்கள். இறுக்கினால் முன்னங்கை மரத்துப்போய், முகம் இயல்பாக மூடித் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாது; ஸ்லைஸ்தான் வரும். மார்கழியில் நேராக அடித்தவர் சித்திரையில் வலப்பக்கம் அடிப்பதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். பிடியை ஒவ்வொரு நாளும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் பளபளவென்று தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். தோல் கையுறை உப்பேறி விறைத்துப்போனால் அதனால் ஒரு பயனும் இல்லை.

பிடியை மாற்றிய முதல் நாள் என் தங்கை மகன் முகம் வாடிவிட்டது. அதுவரை வலப்பக்கம் வளைந்த பந்து, இப்போது வலையில் துணிக்கு இடப்பக்கம், ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தது. “முன்னைவிட மோசமாகிவிட்டதே, மாமா” என்றான். மோசமாகவில்லை, அவனுடைய பாதை எப்போதுமே இடப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. திறந்திருந்த முகம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது முகமும் பாதையும் ஒத்துப்போய்விட்டன. ஸ்லைஸ் புல்லாக மாறும் இந்த நாளில்தான் மிகப் பலர் பயந்துபோய்ப் பழைய பிடிக்கே திரும்புகிறார்கள். திரும்பாதீர்கள். இனி ஒரே வேலை, பாதையை வலப்பக்கம் நகர்த்துவது. இதை மாற்றிச் செய்தால், அதாவது முகம் திறந்தே இருக்கப் பாதையை மட்டும் முதலில் திருத்தினால், பந்து வலப்பக்கம் நேராகப் பறக்கும். அதைக் கண்ட மனம் பாதையை மறுபடியும் இடப்பக்கம் இழுக்கும். அதனால்தான் முகம் முதலில்.

பாதை

பாதையைத் தொடுவதற்கு முன் நிற்கும் விதத்தைச் சரிபாருங்கள். கருக்கு நீக்கிய, நேரான பனைமட்டைக் குச்சிகள் இரண்டு போதும். ஒன்றைப் பந்துக்கு வெளியே இலக்கை நோக்கி வையுங்கள். மற்றதை அதற்கு இணையாகக் கால் நுனிகளுக்கு முன்னால் வையுங்கள். கால் சரியாக இருந்தும் தோள் இடப்பக்கம் திரும்பியிருப்பது மிகவும் சாதாரணம். பந்தை இடக்காலுக்கு மிக அருகில் வைத்தால் அதை எட்டுவதற்காகத் தோள் தானாகத் திரும்பிவிடும். ஏழாம் எண் அயர்னுக்கு, இரண்டு காலுக்கும் நடுவிலிருந்து சற்றே முன்னால். டிரைவருக்கு, இடக் குதிகாலுக்கு உள்பக்கம். மிகவும் பின்னால் வைத்தால் எதிர்த் தவறு: பாதை வலப்பக்கம் போய்ப் புஷ்ஷோ ஹூக்கோ வரும்.

நின்றது சரியாக இருந்தும் தடம் இடப்பக்கம் போகிறது என்றால், கீழிறங்கும் ஸ்விங்கை வலத்தோள் தொடங்கிவைக்கிறது. மட்டை உச்சியில் இருக்கும்போது, ஓங்கி அடிக்கும் ஆசையில் தோள் முதலில் முன்னே பாய்கிறது. கை உடலைவிட்டு வெளியே தள்ளப்படுகிறது. அங்கிருந்து பந்தை அடைய, உள்ளே வெட்டுவதைத் தவிர வழியில்லை.

அந்த மீனவர் வீட்டுப் பையனுக்கு இந்தத் தவறு வந்ததே இல்லை. காரணம் அவன் சிறுவயதிலிருந்து வீச்சு வலை எறிகிறவன். வலையை ஏந்திக்கொண்டு ஒரு பக்கம் திரும்புவான். எறியும்போது முன்கால் முதலில் ஊன்றும், இடுப்பு திரும்பும், தோள் பின்னால் வரும், கை எல்லாவற்றுக்கும் கடைசி. தோளால் எறிந்தால் வலை விரியாமல் சுருண்டு விழும் என்பது அவன் உடம்புக்கே தெரியும். கோல்ஃப் ஸ்விங்கிலும் வரிசை அதேதான். வலை எறியத் தெரிந்தவர்கள், மட்டை உச்சியில் இருக்கும்போது அந்த முன்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் இப்படிப் பழகுங்கள்: மட்டையை இடுப்பு உயரம் வரை மட்டும் பின்னால் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துங்கள். தோள் அசையாமல் அப்படியே இருக்க, எடையை மட்டும் இடக்காலுக்கு மாற்றுங்கள். அதன்பிறகு சுழலுங்கள். முதலில் பந்தில்லாமல், பிறகு பந்தோடு, வேகம் எப்போதும் பாதிக்குமேல் வேண்டாம்.

இதோடு மீன்கடையில் தூக்கியெறியும் தெர்மாகோல் பெட்டி மூடி ஒன்றை வாங்கி வாருங்கள். பந்துக்கு ஒரு அடி பின்னால், அதாவது இலக்குக்கு எதிர்ப்பக்கம், உங்களிடமிருந்து சற்று வெளியே தள்ளி நிறுத்துங்கள். மட்டை வெளியிலிருந்து வந்தால் மூடியில் படும். மட்டைக்குச் சேதம் இல்லை, தவறு உடனே தெரிந்துவிடும். மூடியைத் தொடாமல் பந்தை அடிக்க உடம்பு தானாகவே உள்பக்க வழியைத் தேடிக்கொள்கிறது. நூறு அறிவுரைகளைவிட இந்த மூடி நன்றாகக் கற்றுக்கொடுக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடைந்த துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு போங்கள். அதுவும் கடலுக்குப் போய்விடும்.

ஹூக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் ஹூக் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஓரளவு ஆடத் தெரிந்தவர்கள். முட்டிகளை எண்ணுங்கள், மூன்றுக்கு மேல் தெரிந்தால் கையை இடப்பக்கம் கொஞ்சம் சுழற்றுங்கள். பிடி சரியாக இருந்தும் ஹூக் வந்தால், பந்தைத் தொடும் நேரத்தில் உடம்பு நின்றுவிடுகிறது, மணிக்கட்டு மட்டும் மடங்கிப் புரள்கிறது. அடித்து முடிக்கும்போது நெஞ்சு இலக்கை நேராகப் பார்க்கிறதா என்று பாருங்கள். மூடியை இந்த முறை பந்துக்கு முன்னால், வெளிப்பக்கம் வையுங்கள்; உள்ளிருந்து அளவுக்கு மீறி வெளியே போகிற மட்டை அதில் படும்.

பந்து சட்டென்று வலப்பக்கம் தாழ்வாகச் சிதறி ஓடினால் அது ஸ்லைஸே அல்ல. அது ஷாங்க்: முகத்தில் படாமல், தண்டு மட்டைத் தலையோடு சேரும் கழுத்தில் பட்டிருக்கிறது. பிடியை மாற்றுவதால் அது தீராது. அடிக்கும்போது எடை கால்விரல்களுக்குச் சாய்ந்து உடம்பு பந்தை நெருங்குவதே பெரும்பாலும் காரணம். பந்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி மூடியை நீளவாக்கில் படுக்கவைத்து, அதைத் தொடாமல் மெதுவாக அடித்துப் பழகுங்கள்.

வளைகுடாவிலிருந்து இரண்டாம் கையாக வாங்கி வரும் மட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அடிப்பகுதியில் குதிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அந்த மட்டை உங்களுக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட அயர்ன், முகம் நேராக இருந்தாலும் பந்தை இடப்பக்கம் அனுப்பும். சென்னையில் மட்டை சரிசெய்யும் கடைகளில் கோணத்தை மாற்றித் தருவார்கள். அதைச் செய்யாமல் ஸ்விங்கோடு போராட வேண்டாம். எஃகுத் தண்டுகளை அடித்து முடித்தவுடன் நன்னீரால் துடைத்துவையுங்கள். உப்புக்காற்று துருவைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடும்.

பழகும் வரிசை: அரை ஸ்விங்கில் ஏழாம் எண் அயர்ன். பந்தும் தடமும் ஒத்துப்போகத் தொடங்கியபின் முக்கால் ஸ்விங். பிறகு முழு ஸ்விங். டிரைவர் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு நாளில் ஒரே ஒரு திருத்தம். பிடியைத் திருத்தும் நாளில் காலைப் பற்றி நினைக்காதீர்கள்.

கொடைக்கானலுக்கோ சென்னைக்கோ ஆடப் போகும் நாளில், ஆட்டத்தின் நடுவே ஸ்லைஸ் திரும்பி வந்தால் அங்கேயே ஸ்விங்கைத் திருத்த முனையாதீர்கள். கையைத் துடைத்துவிட்டுப் பிடியின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள், முட்டிகளை எண்ணுங்கள். டிரைவரை உறையில் போட்டுவிட்டு, சாய்வு கூடிய மட்டையை எடுங்கள். வளைவு குறையும், தூரம் கொஞ்சம் போனாலும் பந்து ஆடும் இடத்தில் கிடக்கும். கால்களையும் தோள்களையும் இலக்குக்கு இணையாகவே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பந்துகள் எங்கே கிளம்பி எங்கே திரும்பின என்பதை மதிப்பெண் அட்டையின் ஓரத்தில் குறித்துவையுங்கள். ஊர் திரும்பியதும் வலைக்கு முன்னால் அந்த அட்டையோடு நில்லுங்கள்.